சீனி ஆலையின் நீராவியும் மின்சாரமும்
கந்தளாய்ப் பகுதிக் கமக்காரர் அறியவேண்டியவை

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்பது பழமொழி. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய், ஆலையே இல்லாத ஊரன்று; ஆலை இருந்தும் சீனி இல்லாத ஊர். செக்கோசிலவாக்கியா நாட்டின் உதவியுடன் நிறுவப்பட்டு 1960 ஆம் ஆண்டளவில் கரும்பு பிழியத் தொடங்கிய கந்தளாய்ச் சீனி ஆலை, 1993 இல் மூடப்பட்டது. ஆலைக்குப் புத்துயிர் அளிக்கும் நோக்குடன் 2015 இல் வெளிநாட்டு முதலீட்டாளருடன் உடன்பாடு செய்யப்பட்ட போதிலும், அதன் உருளைகள் மீண்டும் சுழலவில்லை. இன்று இலங்கையின் சீனி, மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகலை ஆலைகளிலும், அம்பாறை மாவட்டத்து இங்குரானை ஆலையிலுமே பெரும்பாலும் உற்பத்தியாகின்றது. நாட்டின் தேவையில் பத்தில் ஒரு பங்களவே இவ்வாறு கிடைக்கின்றது. எஞ்சியது கப்பலில் வருகின்றது.

கந்தளாய் ஆலையை மீளத் திறத்தல் பற்றிய பேச்சு எழும்போது, காணி, கரும்பு விலை, வேலைவாய்ப்பு ஆகியவை ஆராயப்படுகின்றன. ஆலையின் கொதிகலம் பற்றிய பேச்சோ அரிதாகவே எழுகின்றது. ஆயினும் ஒரு சீனி ஆலை ஆதாயத்துடன் இயங்குமா, நட்டத்துடன் நடக்குமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் கொதிகலம் முதன்மையானது. கமக்காரர் வயலிலிருந்து அனுப்பும் கரும்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சீனியாக அன்றி எரிபொருளாகவே பயன்படுகின்றது. அப்பங்கின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கரும்பு நடுவோர் மட்டுமன்றி, அதே குளத்து நீரை நம்பி நெல்லும் காய்கறியும் பயிரிடுவோரும் அறிந்திருத்தல் நன்று.

சக்கையே விறகு

கரும்பை உருளைகளிடையே பிழிந்து சாறு எடுத்தபின் எஞ்சுவது சக்கை. நூறு தொன் கரும்பினின்றும் ஏறத்தாழ 30 தொன் சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். மறுபாதி நாரும் சிறிதளவு சீனியும். இவ்வாறு ஈரம் மிகுந்திருந்தும், ஒரு கிலோகிராம் சக்கையை எரித்து இரண்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்கலாம். ஆதலால் சீனி ஆலைக்கு வெளியிலிருந்து விறகோ நிலக்கரியோ எண்ணெயோ வேண்டுவதில்லை. கரும்பே தன்னைக் காய்ச்சும் விறகையும் உடன் கொண்டுவருகின்றது.

ஆலையில் நீராவிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உருளைகளையும் மின்பிறப்பாக்கியையும் இயக்குதல். மற்றையது, சாற்றைச் சூடாக்கி, வற்றக் காய்ச்சி, சீனிப் பளிங்காக்குதல். முதல் வேலையை முடித்த ஆவியே இரண்டாம் வேலைக்கும் செல்கின்றது. மேல்வயலுக்குப் பாய்ந்த நீர் வரம்பு வழியே வழிந்து கீழ்வயலையும் நனைப்பது போன்றது இது. வேறு தொழிற்சாலைகளில் வீணே வெளியேறும் வெப்பம், சீனி ஆலையில் சாற்றைக் காய்ச்சும் பணிக்கு உதவுகின்றது.

முற்காலத்தில் ஆலைகளை அமைத்தோர், சக்கையைச் சிக்கனமாக எரிக்கவேண்டும் என்று கருதவில்லை. மிஞ்சிய சக்கை மலைபோற் குவிந்து, தீப்பற்றும் ஆபத்தையும் இடநெருக்கடியையும் உண்டாக்கியமையால், அதனை எவ்வாறேனும் எரித்துத் தீர்ப்பதே நோக்கமாயிருந்தது. மிஞ்சிய மின்சாரத்தை வாங்குவாரும் அந்நாளில் இலர். ஆகவே குறைந்த அமுக்கமுடைய கொதிகலங்களே போதுமெனக் கொள்ளப்பட்டன.

அமுக்கம் உயர்வதால் வரும் ஆதாயம்

அடுப்பில் ஏற்றிய பானையை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலையான 100 பாகைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை முற்றாக ஆவியாக்குவதற்கோ மேலும் 540 கிலோகலோரி வேண்டும். பெருஞ்செலவு ஆவியாக்குவதிலேயே உள்ளது. அச்செலவைச் செய்துவிட்ட பின், ஆவியின் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் மேலும் உயர்த்துவதற்கு வேண்டிய எரிபொருள் சிறிதளவே.

பழைய ஆலைகளின் கொதிகலங்கள் பல, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 21 கிலோகிராம் அமுக்கத்தில், 340 பாகையளவு வெப்பமுள்ள ஆவியைத் தருவன. புதிய கொதிகலங்கள் 45, 67, 87 கிலோகிராம் என்னும் அமுக்கங்களிலும், சில இடங்களில் 110 கிலோகிராம் அமுக்கத்திலும் அமைக்கப்படுகின்றன. 87 கிலோகிராம் அமுக்கத்தில் ஆவியின் வெப்பம் 515 பாகையளவாகும். 21 கிலோகிராமிலிருந்து 87 கிலோகிராமுக்கு உயர்த்துவதற்கு, ஒவ்வொரு கிலோகிராம் ஆவிக்கும் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு வெப்பமே மேலதிகமாகச் செலவாகும். அவ்வாவி நல்ல சுழலியின் வழியே சென்று சாறு காய்ச்சும் கலங்களை அடையும்போது தரும் மின்சாரமோ ஏறத்தாழ இருமடங்காகும். தாழ்ந்த மதகிலிருந்து விழும் நீரைக்காட்டிலும் உயர்ந்த அணையிலிருந்து விழும் நீர் வலிமையாகச் சக்கரத்தைச் சுழற்றுவது போல, உயர்ந்த அமுக்கத்திலிருந்து இறங்கும் ஆவி மிகுந்த வேலையைச் செய்கின்றது. இறங்கிய பின்னும் அதன் ஆவியாக்க வெப்பம் குறையாமலேயே சாறு காய்ச்சும் பணிக்குக் கிடைக்கின்றது.

ஒரு கணக்கு

நாளொன்றுக்கு 2,000 தொன் கரும்பு பிழியும் ஆலையொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோர், இதன் பயனை எளிதில் உணரலாம்.

அவ்வாலையில் நாள்தோறும் 600 தொன் சக்கை கிடைக்கும். பழைய முறையில், கரும்பின் நிறையிற் பாதியளவு, அதாவது 1,000 தொன் நீராவி, சாற்றைக் காய்ச்சுவதற்கே செலவாகும். உருளைகளை இயக்கும் சிறு நீராவிப் பொறிகள், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஈடான வேலையைச் செய்ய 20 கிலோகிராம் ஆவியை விழுங்குவன. எனவே ஒரு தொன் கரும்புக்கு 25 அலகளவு மின்சாரமே பெறப்படும். அது ஆலையின் சொந்தத் தேவைக்கு ஒருவாறு போதுமாகும். விற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

புதிய முறையில் அதே 600 தொன் சக்கையிலிருந்து 87 கிலோகிராம் அமுக்கமுள்ள ஆவி ஏறத்தாழ 1,300 தொன் பெறலாம். சாறு காய்ச்சும் கலங்களைச் சீர்திருத்தினால் அதற்கு வேண்டிய ஆவி 800 தொன்னாகக் குறையும். எஞ்சிய 500 தொன் ஆவியும் மின்சாரம் ஆக்குவதற்கே பயன்படும். ஆலையின் சொந்தத் தேவை போக, நாளொன்றுக்கு 2 இலட்சம் அலகளவு மின்சாரத்தை வெளியே விற்கலாம். மாதத்துக்கு 90 அலகு செலவிடும் வீடுகளாயின் 66,000 வீடுகளுக்கு இது போதும். காய்கறித் தோட்டக்காரரின் கண்கொண்டு பார்த்தால், 2 பரிவலுவுள்ள நீரிறைக்கும் இயந்திரங்கள் 33,000, நாள்தோறும் நான்கு மணி நேரம் இயங்குவதற்கு ஈடாகும்.

ஒரு கரும்பேனும் மேலதிகமாக நடாமல், ஓர் ஏக்கரேனும் மேலதிகமாக வெட்டாமல் இவ்வருவாய் கிடைக்கின்றது என்பதே இக்கணக்கின் சாரம். உலகச் சந்தையில் சீனியின் விலை ஏறியும் இறங்கியும் ஆலைகளை அலைக்கழிப்பது. மின்சார வருவாய், விலை வீழ்ந்த ஆண்டுகளில் ஆலையைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால் எனலாம்.

ஆலைக்குள் மாற்றவேண்டியவை

கொதிகலத்தை மட்டும் மாற்றினால் இப்பயன் முழுதும் கிடைக்காது. கீழ்வருவன யாவும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

1. சுழலி. பல அடுக்குத் தட்டுகளுடைய சுழலி வேண்டும். இடைவழியில் வேண்டிய ஆவியைச் சாறு காய்ச்சப் பிரித்தெடுத்து, எஞ்சியதை இறுதிவரை கொண்டு சென்று குளிர்வித்து நீராக்கும் வகையே ஏற்றது.

2. உருளைகள். சிறு நீராவிப் பொறிகளை அகற்றி, மின்னோடிகளால் உருளைகளை இயக்குதல் வேண்டும். ஆவி முழுவதும் பெரிய சுழலியொன்றிலேயே திறமையாகப் பயன்படும்.

3. சாறு காய்ச்சும் கலங்கள். முதற் கலத்தில் சாற்றினின்றும் எழும் ஆவியே இரண்டாவது கலத்தைச் சூடாக்கும். இரண்டாவதின் ஆவி மூன்றாவதைச் சூடாக்கும். இவ்வாறு நான்காக, ஐந்தாக அடுக்கப்படுந்தோறும் நீராவிச் செலவு குறைந்து செல்லும்.

4. கொதிகலத்துக்குச் செல்லும் நீர். குறைந்த அமுக்கக் கொதிகலம் ஓரளவு கலங்கிய நீரையும் தாங்கும். உயர் அமுக்கக் கொதிகலத்துக்கு உப்பும் மணற்சத்தும் நீக்கிய தூயநீரே வேண்டும். காய்ச்சும் கலத்திலிருந்து திரும்பும் நீரில் சீனி சிறிது கலந்தாலும் குழாய்கள் அரிக்கப்பட்டு வெடிக்கக்கூடும். ஆதலால் அந்நீரை இடைவிடாது சோதித்தல் இன்றியமையாதது.

5. தொழிலாளர். உயர் அமுக்கத்தில் நேரும் தவறு உயிரைக் கொள்ளும். பயிற்சியும் தகுதிச் சான்றும் பெற்ற இயக்குநர்களும், ஆண்டுதோறும் தவறாத பரிசோதனையும் தேவை.

கரும்பு வெட்டுவோருக்கும் இதில் பங்குண்டு. மண்ணோடு வாரி ஏற்றப்பட்ட கரும்பு, உருளைகளைத் தேய்ப்பதோடு சக்கையிற் சாம்பலைப் பெருக்கிக் கொதிகலக் குழாய்களையும் அராவுகின்றது. வெட்டி ஒரு நாளுக்கு மேல் வெயிலிற் கிடந்த கரும்பில் சீனி குன்றும். அடியோடு ஒட்ட வெட்டி, நுனியையும் சருகையும் மண்ணையும் நீக்கி, 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப்பட்ட கரும்பு, சீனிக்கும் நன்று, மின்சாரத்துக்கும் நன்று.

பிற நாடுகளின் அனுபவம்

தமிழர் பலரும் குடியேறி வாழும் மொரீசியஸ் தீவு இத்துறையில் முன்னோடி. அத்தீவின் சென் அந்துவான் ஆலை 1957 ஆம் ஆண்டிலேயே மிஞ்சிய மின்சாரத்தைப் பொதுக் கம்பிகளுக்கு வழங்கத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டில் பெல்வூ என்னுமிடத்தில், 82 வளிமண்டல அளவு அமுக்கமுடைய கொதிகலங்களுடன் 70 மெகாவாற்று மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கரும்பு பிழியும் மாதங்களில் சக்கையும் ஏனைய மாதங்களில் நிலக்கரியும் அங்கே எரிக்கப்பட்டன.

அத்தீவின் அனுபவத்தில் கமக்காரர் கவனிக்கவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. சக்கை ஆலையின் சொத்தா, கரும்பு விளைவித்தவரின் சொத்தா என்னும் வினா அங்கு எழுந்தது. 1985 இல், மின்சாரத்துக்குப் பயன்பட்ட சக்கைக்காகக் கரும்பு உற்பத்தியாளருக்கும் பணம் செல்லும் வண்ணம் நிதியமொன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. 1994 இல் சிறு கரும்புக் கமக்காரரும் தொழிலாளரும் பங்குதாரராகும் முதலீட்டு நம்பிக்கை நிறுவனமும் உருவாயிற்று. கொடுக்கப்படும் தொகை போதாது என்னும் முறைப்பாடு பல்லாண்டு நீடித்ததாயினும், விளைவித்தவருக்கு உரிமை உண்டு என்னும் கொள்கை அங்கே எழுத்தில் நிலைபெற்றது.

இந்தியாவில், சக்கையிலிருந்து மின்சாரம் ஆக்குவதற்கான தேசியத் திட்டம் 1994 இல் தொடங்கப்பட்டது. 1842 முதலே சீனித்தொழில் நடந்துவரும் தமிழ்நாட்டு நெல்லிக்குப்பம் உட்படப் பல இடங்களில் உயர் அமுக்கக் கொதிகலங்கள் நிறுவப்பட்டன. இன்று அந்நாட்டுச் சீனி ஆலைகளின் இத்தகைய மின்னாற்றல் 7,000 மெகாவாற்றுக்கும் மேற்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் மழை பொய்த்துக் கரும்பு குறைந்த ஆண்டுகளில், விலையுயர்ந்த பொறிகளைக் கொண்ட ஆலைகளும் வேலையின்றி நின்றன. கமக்காரருக்குக் கரும்புப் பணம் நிலுவையாகத் தேங்கியது. பொறியின் பெருமை கரும்பின் வரவைச் சார்ந்தது என்பதற்கு இது சான்று.

எரிபொருளும் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து, இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அவற்றை நிரப்பும் எண்ணெய் முழுவதும் கடல்கடந்தே வரவேண்டும். மூதூரை அடுத்த சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டமும் இறக்குமதி நிலக்கரியை நம்பியதே. அத்திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருட் கப்பலுக்குக் கொடுக்கப் பணமின்றி நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மண்ணெண்ணெயும் டீசலும் பெறுவதற்குக் கமக்காரர் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். நீர் இறைக்க வழியின்றித் தோட்டங்கள் வாடின. வயலில் விளையும் எரிபொருளின் அருமையை அவ்வாண்டு யாவர்க்கும் உணர்த்தியது.

குளத்து நீரும் கொதிகலமும்

கந்தளாய்க் குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் எனச் சிங்கள மரபும், குளக்கோட்டு மன்னன் கட்டினான் எனத் திருகோணமலைத் தமிழ் மரபும் கூறும். யார் கட்டினாலும் அதன் நீர் நெல்லுக்காகக் கட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் அதிகாலையில் அதன் அணை உடைந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. குளத்தைக் காப்பதும் அதன் நீரைப் பங்கிடுவதும் எத்துணைப் பொறுப்பான கருமங்கள் என்பதை இப்பகுதியார் துன்பத்தின் மூலம் கற்றவர்கள்.

ஆலையை எண்ணும்போது நீரின் கணக்கை இருவகையாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, மின்நிலையத்தின் நீர். சுழலியின் இறுதியில் 500 தொன் ஆவியைக் குளிர்வித்து நீராக்குவதற்கு, குளிர்கோபுரத்தில் ஏறத்தாழ அதேயளவு நீர் நாள்தோறும் காற்றிற் கலந்துபோகும். நெல் வயல் நாளொன்றுக்கு 7 மில்லிமீற்றர் நீரைக் குடிக்கும் எனக் கொண்டால், இது 18 ஏக்கர் வயலின் நீர்த்தேவைக்குச் சமம். இது பேரளவன்று. அன்றியும் கரும்பின் நிறையிற் பத்தில் ஏழு பங்கு நீரே. சாற்றைக் காய்ச்சும்போது எழும் ஆவியைக் குளிர்வித்துச் சேமித்தால், நாளொன்றுக்கு 1,000 தொன்னளவு நீர் கரும்பிலிருந்தே பெறலாம். நன்கு நடத்தப்படும் ஆலை, குளத்திலிருந்து மிகச் சிறிதே நீர் கேட்கும்.

இரண்டாவது, கரும்பின் நீர். இதுவே பெரிய கணக்கு. நாளொன்றுக்கு 2,000 தொன் வீதம் 150 நாட்களுக்கு 3 இலட்சம் தொன் கரும்பு வேண்டும். ஹெக்டேயருக்கு 60 தொன் விளைவாயின் 5,000 ஹெக்டேயர், அதாவது 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கரும்பு நிற்றல் வேண்டும். மூன்றரை, நான்கு மாதங்களில் நெல் வீடு வந்து சேரும். கரும்போ ஓராண்டு முழுவதும் நிலத்தில் நின்று நீர் கேட்கும். சிறுபோகத்தில் குளம் வற்றும் ஆண்டுகளில், கரும்புக்கு முதல் உரிமையா, நெல்லுக்கு முதல் உரிமையா என்பது முன்னரே தீர்க்கப்படாவிடின், மிகச் சிறந்த கொதிகலமும் ஊருக்குள் வழக்கையே விளைவிக்கும். கொதிகலம் சக்கையை மிச்சப்படுத்தும். நீரை உண்டாக்க அதனால் இயலாது.

கழிவுநீரும் கவனத்துக்குரியது. சீனியும் எண்ணெயும் கலந்த ஆலைநீர் வாய்க்காலிற் கலந்தால், நீரிலுள்ள ஒட்சிசன் குன்றி மீன்கள் மடியும், துர்நாற்றமும் எழும். கொதிகலத்திலிருந்து அவ்வப்போது திறந்துவிடப்படும் நீரில் உப்புச் செறிவு மிகுந்திருக்கும். இவற்றைத் தொட்டிகளில் தேக்கிச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்றல் வேண்டும்.

உமியும் ஓர் எரிபொருள்

சக்கைக்குக் கூறப்பட்டவை பலவும் நெல் உமிக்கும் பொருந்தும். ஒரு தொன் நெல்லைக் குற்றினால் 200 கிலோகிராமளவு உமி கிடைக்கும். உமியில் ஈரம் குறைவாதலால், ஒரு கிலோகிராம் உமி ஒரு கிலோகிராம் ஈரச் சக்கையைக்காட்டிலும் மிகுந்த வெப்பம் தரும். ஒன்றரைக் கிலோகிராம் உமிக்கு ஓர் அலகு மின்சாரம் எனக் கொண்டால், ஒரு தொன் நெல்லின் உமியிலிருந்து 130 அலகளவு பெறலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. திருகோணமலையிலுள்ள டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையில் 10 மெகாவாற்று மின்நிலையமொன்று, உமியையும் கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவை விறகையும் எரித்து மின்சாரம் ஆக்குவதற்கென நிறுவப்பட்டது. சீமைக்கிளுவை 2005 இல், தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசினால் ஏற்கப்பட்டது. வேலியோரத்தில் நட்டால் அதன் இலை பசளையாகும், தடி விறகாகும். சீனி ஆலை மீளத் திறக்கப்படும் பட்சத்தில், கரும்பில்லாத மாதங்களில் கொதிகலத்தை எரிப்பதற்கு நிலக்கரியைத் தேடாமல், மாவட்டத்தின் உமியையும் விறகையும் பயன்படுத்த வழியுண்டு. உமிச் சாம்பலில் மணற்சத்து மிகுதியாதலால் குழாய்கள் விரைவில் தேயும். ஆகவே கொதிகலத்தை வாங்கும்போதே உமியையும் எரிக்கத்தக்க அமைப்பைக் கேட்டுப் பெறல் வேண்டும்.

வைக்கோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். வைக்கோலின் சாம்பல் எளிதில் உருகிக் குழாய்களில் ஒட்டுவதால் அது கொதிகலத்துக்கு உகந்ததன்று. ஒரு தொன் வைக்கோலில் 15 கிலோகிராமளவு பொற்றாசியம் உள்ளது. அதனை எரிப்பதும் விற்பதும் வயலின் சத்தை விற்பதாகும். வைக்கோலுக்கு உரிய இடம் அது விளைந்த வயலே.

வயலுக்குத் திரும்பவேண்டியவை

சீனி, நீர், மின்சாரம் ஆகியவை வயலின் சத்தை மிகுதியாகக் கொண்டுசெல்வதில்லை. சத்தின் பெரும்பகுதி சாம்பலிலும், சாற்றை வடிக்கும்போது எஞ்சும் மண்டியிலும், கழிவுப்பாகிலும் தங்குகின்றது. நூறு தொன் கரும்புக்கு மூன்று, நான்கு தொன் மண்டி கிடைக்கும். அது சேதனப் பொருளும் பொசுபரசும் நிறைந்தது. புதிய மண்டியை அப்படியே இட்டால் சூடேறிப் பயிரைக் கருக்கும். வைக்கோல், சருகு, சாணம் ஆகியவற்றுடன் அடுக்கி, ஈரம் காத்து, மூன்று மாதமளவு மக்கவிட்டு இடுதல் வேண்டும். கத்தரி, மிளகாய், வெண்டி முதலியவற்றுக்கு இது சிறந்த எரு. கொதிகலச் சாம்பல் பொற்றாசியம் தருவது; தழைச்சத்து அதில் இல்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, கையில் எருவில்லாத கமக்காரர் பட்ட இன்னலை நினைப்போருக்கு, ஆலையின் கழிவுகள் வயலுக்குத் திரும்பவேண்டியதன் அவசியம் விளங்கும்.

கமக்காரர் கேட்கவேண்டிய வினாக்கள்

கந்தளாயிலோ வேறிடத்திலோ ஆலைத் திட்டமொன்று முன்வைக்கப்படுமாயின், கமக்காரர் அமைப்புகள் பின்வரும் வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறல் வேண்டும்.

1. கொதிகலத்தின் அமுக்கம் எவ்வளவு? ஒரு தொன் கரும்புக்கு எத்தனை அலகு மின்சாரம் விற்கப்படும்? பழைய கொதிகலத்துக்கு வர்ணம் பூசித் திறக்கும் ஆலை, நெடுநாள் நிலைப்பது அரிது.

2. விற்கும் மின்சாரத்தின் வருவாயில், சக்கையைத் தந்த கரும்புக் கமக்காரருக்குப் பங்கு உண்டா? கரும்பின் விலை சீனியை மட்டும் கொண்டு கணக்கிடப்படுமா?

3. வறட்சி ஆண்டில் குளத்து நீர் எவ்வாறு பங்கிடப்படும்? நெற்செய்கையாளரும் இணங்கிய பங்கீடா?

4. கரும்பில்லாத மாதங்களில் எரிப்பது எது? உமியாயின், அது யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்படும்?

5. மண்டியும் சாம்பலும் கமக்காரருக்குத் திருப்பித் தரப்படுமா? கழிவுநீர் எங்கே விடப்படும்? அதனைச் சோதிப்பவர் யார்?

6. கரும்பு வெட்டிய நாளிலிருந்து எத்தனை நாட்களுக்குள் பணம் கொடுக்கப்படும்?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும் திட்டம் ஊருக்கு நன்மை தரும். விடை மழுப்பப்படும் திட்டத்தில், கொதிகலம் எத்துணைப் புதியதாயினும், அதில் எரிவது சக்கை மட்டுமன்று; கமக்காரரின் காணியும் உழைப்புமே. ஆலை திறக்கப்படும் வரை காத்திராமல் இப்போதே செய்யத்தக்கவையும் உள. உமியை வீதியோரத்தில் கொட்டி எரியாது விற்கலாம், அல்லது கருக்கி நாற்றுமேடைக்கு இடலாம். வைக்கோலை வயலில் பரப்பலாம். வேலியோரத்தில் சீமைக்கிளுவை நடலாம். வயலில் விளைந்த எதுவும் கழிவன்று. அதன் மதிப்பை முதலில் அறியவேண்டியவர் அதனை விளைவித்தவரே.